முதுகு வலிக்கு யோகாவா, பிலாட்டீஸா, இல்ல நேரா பிசியோகிட்டயா?

முப்பது வயசைத் தாண்டின எந்த ஆபீஸ் குரூப்லயும் இந்தப் பேச்சு வராம இருக்காது. எலும்பு டாக்டர் பாத்துட்டு பத்து நாள் பிசியோன்னு சீட்டு எழுதி குடுத்திருப்பாரு, வீட்ல பெரியவங்க அதெல்லாம் எதுக்கு, காலைல எந்திரிச்சு ஆசனம் பண்ணு தானா சரியாயிடும்பாங்க, கூட வேலை பாக்குறவங்க ஒருத்தர் ஸ்பிரிங் வெச்ச பெட்ல படுத்துக்கிட்டு காலை நீட்டி மடக்குற பிலாட்டீஸ் ரீல் ஒண்ணை அனுப்பி இதை டிரை பண்ணுன்னுவாங்க. மூணுமே மோசமான யோசனை கிடையாது. ஆனா மூணையும் ஒரே நேரத்துல பண்ண யாருகிட்ட காசும் நேரமும் இருக்கு, அதான் எதை முதல்ல எடுக்கறது, எதுல தொடர்ந்து இருக்கறதுன்னு கொஞ்சம் விலாவாரியா பாக்கலாம்னு எழுதுறேன்.

என் முடிவை முதல்லயே சொல்லிடறேன், காரணம் பின்னாடி வரும். முதல் ரெண்டு மூணு சிட்டிங் ஒரு நல்ல பிசியோகிட்ட. அதுக்கப்புறம் மாசக்கணக்குல தொடர்றதுக்கு, உடம்பு விறைச்சுப்போய் குனிஞ்சா முட்டிக்குக் கீழ கை போகாதவங்க யோகா பக்கம், ரப்பரா வளையுறவங்க பிலாட்டீஸ் பக்கம். நடைமுறைல இது அப்படியே தலைகீழா நடக்குது பாருங்க. யோகா கிளாஸ்ல நல்லா வளையுற பொண்ணை மாஸ்டர் முன்னாடி நிக்க வெச்சு எல்லாரும் இவங்களைப் பாத்துப் பண்ணுங்கன்னு சொல்லுவாரு, அவங்க சந்தோஷமா அங்கயே இருந்துடுவாங்க, இன்னும் வளைவாங்க, வலியும் இன்னும் கூடும். விறைப்பா இருக்குற ஆளு பக்கத்து மேட்ல இருக்குற பாட்டிகூட காலைத் தொடுறாங்க நமக்கு வரலையேன்னு வெக்கப்பட்டு ரெண்டாவது வாரமே நின்னுடுவாரு. யாருக்கு எது சுலபமா வருதோ அதுலயே போய் உக்காந்துக்கறோம், உடம்புக்கு வேண்டியது பெரும்பாலும் வராத அந்த இன்னொண்ணுதான்.

இந்த மூணுல எதையும் தேர்ந்தெடுக்கவே கூடாத ஆளுங்க சில பேர் இருக்காங்க, அதை சொல்லாம மேல போனா தப்பு. முதுகு வலியோட சேர்த்து ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறது, உக்கார்ற இடத்துலயும் தொடை இடுக்குலயும் மரத்துப்போறது, கால் பாதம் தூக்க முடியாம செருப்பு நழுவுறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, மறுநாள்கூட இல்ல. காய்ச்சலோட வர்ற முதுகு வலி, காரணமே இல்லாம எடை குறையுறது, ஏற்கனவே கேன்சர் வந்தவங்களுக்கு புதுசா வர்ற வலி, விழுந்து அடிபட்டு வந்த வலி, இதெல்லாமும் டாக்டர் பாக்காம மேட்டை விரிக்கக்கூடாது.

இன்னொண்ணு நிறைய பேர் தவறவிடறது. இருபது முப்பது வயசு பையன், ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு வலில முழிப்பு வருது, காலைல எந்திரிச்சா அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு, ரெஸ்ட் எடுத்தா கூடுது நடந்தா குறையுதுன்னா அது சேர்ல உக்காந்து வந்த வலியா இல்லாம முதுகெலும்பு மூட்டுல வீக்கம் வர்ற ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸா இருக்க வாய்ப்பு உண்டு. மூட்டு வாத டாக்டரான ருமட்டாலஜிஸ்ட்கிட்ட போகணும். இவங்களுக்கு எக்சர்சைஸ் பண்ணா நல்லா இருக்கும்ங்கறதாலயே யோகா போய் பரவால்ல பரவால்லன்னு வருஷக்கணக்குல விட்டுடுவாங்க, உள்ள வீக்கம் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருக்கும்.

சரி, அதெல்லாம் இல்ல, சாதாரண வலிதான், ஆனா எம்ஆர்ஐல எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்னு, அதாவது இடுப்புல நாலாவது அஞ்சாவது எலும்புக்கு நடுவுல இருக்கற டிஸ்க் புடைச்சிருக்குன்னு போட்டிருக்கு, அதான் பயமா இருக்குன்னா, வலியே இல்லாதவங்களை ஸ்கேன் பண்ணிப் பாத்த ஆராய்ச்சிகளை எல்லாம் சேர்த்து 2015ல ஒரு தொகுப்பு வந்துச்சு. அதுல 20 வயசுக்காரங்கள்ல கிட்டத்தட்ட 30 சதவீதம் பேருக்கு பல்ஜ் இருந்துச்சு, 80 வயசுல 84 சதவீதம். திரும்பவும் சொல்றேன், இவங்க யாருக்கும் முதுகு வலி கிடையாது. அதனால ரிப்போர்ட்ல பல்ஜ்னு பாத்ததும் இனிமே குனியவே கூடாதுன்னு வாழ்க்கையை மாத்திக்க வேண்டியதில்ல. எந்தப் பக்கம் அசைஞ்சா வலி கூடுது எந்தப் பக்கம் அசைஞ்சா குறையுதுங்கறதுதான் எந்த எக்சர்சைஸ் உங்களுக்குன்னு முடிவு பண்ணும், அதை ஸ்கேன் சொல்லாது, உங்களை குனிய வெச்சு, நிமிர வெச்சு, காலைத் தூக்கிப் பாக்குற ஆளுதான் சொல்ல முடியும்.

இங்கதான் விஷயமே இருக்கு. புஜங்காசனம் எல்லாருக்கும் தெரியும், குப்புறப் படுத்து கையை ஊனி நெஞ்சைத் தூக்கறது. இதே மாதிரி ஒண்ணை நியூசிலாந்து பிசியோ ராபின் மெக்கன்சி 1950கள்லேருந்து தன் பேஷண்ட்டுங்களுக்கு குடுத்து, அதைச் சுத்தி ஒரு சிகிச்சை முறையையே உருவாக்கினாரு. பிலாட்டீஸ் ஸ்டூடியோவுக்குப் போனா கை கொஞ்சம் வேற இடத்துல, மூச்சு கொஞ்சம் வேற மாதிரி, பேரு ஸ்வான். மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கற சேது பந்தாசனம் அங்க ஷோல்டர் பிரிட்ஜ், பிசியோகிட்ட வெறும் பிரிட்ஜிங். நாலு கால்ல நின்னு எதிர் எதிர் கையும் காலும் நீட்டறது மூணு இடத்துலயும் உண்டு. அப்ப வித்தியாசம் எங்க வருதுன்னா, யாருக்கு, எவ்வளவு, எப்பங்கறதுலதான்.

அந்த புஜங்காசனத்தையே எடுத்துக்குங்க. குனிஞ்சா கால்ல இழுக்குற டிஸ்க் பிரச்சனைக்காரங்கள்ல நிறைய பேருக்கு அது மருந்து, பத்து பதினைஞ்சு தடவை பண்ணதுமே கால்ல இருந்த வலி இடுப்புக்கு ஏறி வந்துடும். அதே ஆசனம், அறுபது எழுபது வயசுல கொஞ்ச தூரம் நடந்தா கால் மரத்துப்போய் குனிஞ்சு உக்காந்தா சரியாகுற, முதுகெலும்புல நரம்பு போற பாதை குறுகின ஸ்டெனோசிஸ்காரங்களுக்கு வலியைக் கூட்டும். எலும்பு ஒண்ணு முன்னாடி நழுவின லிஸ்தெசிஸ் இருக்கறவங்களுக்கும் பெரும்பாலும் அப்படித்தான். முதுகு வலிக்கு சிறந்த 5 ஆசனங்கள்னு வர்ற வீடியோ எல்லாத்துலயும் இது இருக்கும், கூடவே காலை நீட்டி உக்காந்து முன்னாடி குனியற பஸ்சிமோத்தாசனமும் இருக்கும். ரெண்டும் நேர் எதிர் திசை, ஒரே லிஸ்ட்ல. வலி உள்ளவங்க அதைப் பாத்து ரெண்டையும் பண்ணா ஒண்ணு சரி பண்றதை இன்னொண்ணு கெடுத்துடலாம்.

அதனாலதான் முதல்ல பிசியோன்னு சொல்றேன். ஆனா எந்த பிசியோ? நம்ம ஊர்ல நிறைய கிளினிக்ல நடக்கறது என்னன்னா, உள்ள போனதும் குப்புறப் படுக்க வெச்சு லேசா கரண்ட் குடுக்கற ஐஎஃப்டி மெஷின் வயரை ஒட்டி கால் மணி நேரம், அப்புறம் அல்ட்ராசவுண்ட் ஜெல் தடவி அஞ்சு பத்து நிமிஷம், சில இடத்துல இடுப்பை இழுத்து விடற டிராக்ஷன், முடிஞ்சதும் நாளைக்கு வாங்க. பத்து சிட்டிங் பேக்கேஜ். படுத்து எழுந்தா ஒரு சுகம் இருக்கும், மறுக்கல, ஆனா உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதல்ல டிராக்ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் கரண்ட் மெஷின், இடுப்பு பெல்ட் இதையெல்லாம் வழக்கமா குடுக்க வேணாம்னு சொல்லிட்டாங்க. பரிந்துரை பண்ணதுல முக்கியமானது எக்சர்சைஸ் புரோகிராமும், வலியைப் பத்தி பேஷண்ட்டுக்குப் புரிய வைக்கறதும். அதனால முதல் நாளே முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டு, அசைச்சுப் பாத்து, வீட்ல பண்ண ரெண்டு மூணு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்து, அடுத்த தடவை வரும்போது அதை நீங்க எப்படி பண்றீங்கன்னு பாக்குறவங்க கிடைச்சா விட்டுடாதீங்க. மெஷின்ல படுக்க வெச்சுட்டு போனைப் பாக்குற இடமா இருந்தா, பேக்கேஜ் காசு கட்டியிருந்தாலும், வேற இடம் தேடுறதுதான் லாபம்.

பிசியோவோட குறை, அது தொடர்ந்து போற மாதிரியான விஷயம் கிடையாது. வலி குறைஞ்சதும் யாரும் போறதில்ல, சிட்டிங்குக்கு சில நூறு ரூபாய்னு மாசக்கணக்குல கட்டவும் முடியாது, வீட்ல தனியா பண்ணச் சொன்ன எக்சர்சைஸை மூணாவது வாரம் எத்தனை பேர் பண்றோம்னு நமக்கே தெரியும். அந்த இடத்தைத்தான் யோகாவோ பிலாட்டீஸோ நிரப்பணும்.

யோகாவுக்கு வருவோம். யோகான்னு ஒரே பேர்ல சொன்னாலும் நம்ம ஊர்ல அது பல தினுசு. பார்க்ல காலைல அம்பது பேரை வெச்சு நடக்கற இலவச கிளாஸ் ஒண்ணு, மனவளக்கலை மன்றத்துல வேதாத்திரி மகரிஷியோட எளியமுறை உடற்பயிற்சி ஒண்ணு, அபார்ட்மெண்ட் கிளப்ஹவுஸ்ல வேக வேகமா சூரிய நமஸ்காரம் போடற பவர் யோகா ஒண்ணு, நாற்காலி கயிறு பெல்ட் கட்டைன்னு வெச்சு நிதானமா நிக்க வைக்கிற ஐயங்கார் யோகா ஒண்ணு, ஒரு ஆளுக்கு ஒரு டீச்சர்னு உக்காந்து உங்களுக்குன்னு தனியா கோர்வை எழுதிக் குடுக்கற சிகிச்சை யோகா ஒண்ணு. வலி இருக்கறவங்களுக்கு கடைசி ரெண்டும்தான் முதல் சாய்ஸ். ரெண்டுக்கும் மூலம் ஒரே ஆளு, கிருஷ்ணமாச்சார்யா. 1930கள்ல மைசூர் அரண்மனைல சின்னப் பசங்களுக்கு பாய்ஞ்சு பாய்ஞ்சு ஆசனம் சொல்லிக் குடுத்தவரு, பின்னாடி சென்னைக்கு வந்து நோயாளிகளுக்கு ஆளுக்கு ஏத்த மாதிரி மாத்திக் குடுக்க ஆரம்பிச்சாரு. அவரு பையன் தேசிகாச்சார் 1976ல சென்னைல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அந்த வழிலதான் இன்னும் போகுது. புனேல பி.கே.எஸ். ஐயங்கார் அதே குருகிட்ட கத்துக்கிட்டு கட்டையும் பெல்ட்டும் வெச்சு வேற பாதைல போனாரு.

மனவளக்கலையையும் லேசா நினைக்காதீங்க. அது மெதுவா இருக்கும், பெரிய வளைவு எதுவும் கிடையாது, அனேகமா எல்லா ஊர்லயும் மன்றம் இருக்கு, செலவும் கம்மி. வேர்க்க விறுவிறுக்க எதையாவது பண்ணாதான் எக்சர்சைஸ்னு நினைக்கிறவங்களுக்கு சப்புன்னு இருக்கும், ஆனா ஒரு வருஷமா அசையாம இருந்த ஆளுக்கு அங்க ஆரம்பிக்கறது நல்ல ஆரம்பம். தசை வலு ஏத்தறதுக்கு மட்டும் அது பத்தாது.

யோகால வேலை செய்யறது நீட்சி மட்டும்னு நினைச்சா பாதிதான் பிடிபடும். நாள்பட்ட வலில தூக்கம் கெட்டுப்போயிருக்கும், எப்ப திரும்ப பிடிக்குமோங்கற பயத்துல உடம்பே எந்நேரமும் இறுகிக் கிடக்கும். ஒரு மணி நேரம் மூச்சோட சேர்ந்து மெதுவா அசைஞ்சு, கடைசில பத்து நிமிஷம் சவாசனத்துல கிடக்கறப்ப அந்த இறுக்கம் விடுது. பிசியோ கிளினிக்லயும் பிலாட்டீஸ் ஸ்டூடியோலயும் இது பொதுவா கிடைக்காது. பாஸ்டன்ல 320 பேரை வெச்சு நடந்த ஒரு சோதனை 2017ல வெளியாச்சு, நாள்பட்ட இடுப்பு வலிக்காரங்க, பெரும்பாலும் வசதி கம்மியானவங்க. ஒரு குரூப்புக்கு வாரம் ஒரு யோகா கிளாஸ் 12 வாரம், ஒரு குரூப்புக்கு 15 பிசியோ சிட்டிங், இன்னொண்ணுக்கு படிக்க ஒரு புத்தகம். முடிவுல யோகா பிசியோவுக்கு சளைச்சதில்லன்னு வந்துச்சு. ஆனா அங்க குடுத்த யோகா இடுப்பு வலிக்காரங்களுக்குன்னே வடிவமைச்ச மெதுவான யோகா, கிளப்ஹவுஸ் பவர் யோகா கிடையாதுங்கறதை மறந்துடக்கூடாது.

யோகால ஆபத்து எங்கன்னா எல்லாருக்கும் ஒரே ஆசனம், ஒரே அளவுங்கற கிளாஸ்தான். கழுத்து வலிக்காரங்களுக்கு சிரசாசனம், ஹலாசனம் எதுக்கு? கண்ணுல பிரஷர் கூடுற கிளாக்கோமா இருக்கறவங்க தலைகீழா நிக்கறதே கூடாது. முட்டி வலிக்காரங்களை பத்மாசனத்துல அழுத்தி உக்கார வைக்கறது, குனிஞ்ச முதுகு மேல மாஸ்டர் ஏறி அமுக்கறது, இதெல்லாம் இன்னும் நடக்குது. வலிச்சாதான் சரியாகும், பல்லைக் கடிச்சுக்கோன்னு சொல்ற மாஸ்டர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் எழுந்து வந்துடலாம்.

இப்ப பிலாட்டீஸ். இது ஏதோ நேத்து வந்த ஃபேஷன்னு நிறைய பேர் நினைக்கறாங்க. ஜோசப் பிலாட்டீஸ் 1883ல ஜெர்மனில பிறந்தவரு, கிருஷ்ணமாச்சார்யாவைவிட அஞ்சு வயசு மூத்தவரு, அவ்வளவுதான். முதல் உலகப் போர் சமயத்துல பிரிட்டன்ல எதிரி நாட்டுக்காரன்னு முகாம்ல அடைச்சு வெச்சிருந்தப்ப கூட இருந்தவங்களுக்கு எக்சர்சைஸ் சொல்லிக் குடுத்தாரு, படுக்கைல கிடந்தவங்களுக்கு கட்டில்ல ஸ்பிரிங் கட்டி அசைய வெச்சாருன்னும் அதுலேருந்துதான் ரிஃபார்மர்ங்கற அந்த ஸ்பிரிங் பெட் வந்துச்சுன்னும் ஒரு கதை சொல்லுவாங்க. அப்புறம் நியூயார்க் போய் நடனக்காரங்களுக்கு நடுவுல பிரபலமானாரு. தன் முறைக்கு அவரு வெச்ச பேரு கன்ட்ராலஜி. அதுல இருக்கறதும் அதுதான், அடிவயிறு, இடுப்பைச் சுத்தின தசை, தோள்பட்டை எலும்பு எல்லாத்தையும் கட்டுப்பாட்டுல வெச்சுக்கிட்டு மெதுவா அசையறது. எண்ணிக்கை கம்மி, கவனம் ஜாஸ்தி.

ரிஃபார்மரோட உண்மையான வசதி, ஸ்பிரிங் எதிர்ப்பும் குடுக்கும் உதவியும் பண்ணும். நின்னு ஸ்குவாட் பண்ண முடியாத ஆளு அதுல படுத்துக்கிட்டே காலை அழுத்தி அதே வேலையைச் செய்யலாம், முதுகுல உடம்போட முழு எடை ஏறாது. சிசேரியனோ சுகப்பிரசவமோ ஆகி வயித்துத் தசை நடுவுல பிரிஞ்சு நிக்கிறவங்களுக்கு விவரம் தெரிஞ்ச பிலாட்டீஸ் டீச்சர் கிடைச்சா பொது யோகா கிளாஸைவிட நூறு மடங்கு மேல்னு நான் சொல்லுவேன். ஆனா அங்கயும் முதல் நாளே தலையைத் தூக்கி கையை நூறு தடவை மேலயும் கீழயும் ஆட்டற ஹன்ட்ரட் பண்ண வெச்சா வயிறு நடுவுல கூம்பு மாதிரி புடைக்கும், அது தெரிஞ்சதும் நிறுத்தத் தெரியணும், இடுப்புக்குழியோட அடித்தசையான பெல்விக் ஃப்ளோர் பத்தி கேக்கத் தெரியணும். கழுத்து வலிக்காரங்களுக்கும் அந்த ஹன்ட்ரட் ஒரு தொல்லைதான், தலையைக் கீழ வெச்சுட்டுப் பண்ணலாம், ஒண்ணும் குறைஞ்சுடாது.

முன்ன சொன்ன வளையுற உடம்புக்காரங்களுக்கு இது ஏன் ஒத்துப்போகுதுன்னா, அவங்க மூட்டு ஏற்கனவே தேவைக்கு மேல போகுது. கட்டைவிரலை மடக்குனா முன்னங்கையைத் தொடும், சுண்டுவிரல் பின்னாடி செங்குத்தா வளையும், முழங்கையும் முட்டியும் நேராகிறதைத் தாண்டி பின்பக்கம் போகும், முட்டியை மடக்காம குனிஞ்சா உள்ளங்கை தரைல படியும். இதெல்லாம் வருதுன்னா நீங்க இறுக்கமா இருக்குன்னு இழுத்து விடற தசை உண்மைல மூட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போராடிக்கிட்டு இருக்கற தசை. மேல மேல இழுத்தா அன்னைக்கு சுகமா இருக்கும், மறுநாள் திரும்ப இறுகும். இவங்களுக்கு எல்லை தெரிஞ்சு நடுவுல நிக்கற வலு வேணும், அது ஸ்பிரிங்ல நல்லா வரும். ஸ்பிரிங்குக்கு வசதி இல்லன்னா மேட் பிலாட்டீஸும் ஜிம்ல வெயிட் தூக்கறதும்கூட இதே வேலையைச் செய்யும்.

பணம்தான் பிலாட்டீஸோட பெரிய முட்டுக்கட்டை. ரிஃபார்மர் பெரும்பாலும் பெரிய ஊர்ல மட்டும்தான், அங்கயும் தனி கிளாஸ்னா ஒரு தடவைக்கே ஆயிரத்தைத் தாண்டும். குரூப்னா குறையும், ஆனா பத்து மெஷினுக்கு ஒரு டீச்சர், மியூசிக் அலறுது, இருட்டுல கலர் லைட்டுன்னா அது வலிக்காரங்களுக்கான இடமே இல்ல, ஃபிட்னஸ் கிளாஸ்.

ரெண்டுல எது வலியைக் குறைக்கும்னு நேரடியா கேட்டா, காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 2015ல பிலாட்டீஸைப் பத்தி சொன்னது, சும்மா இருக்கறதைவிட நல்லது, மத்த எக்சர்சைஸைவிட மேல்னு உறுதியா சொல்ல முடியல. யோகாவைப் பத்தி 2017ல வந்ததும் ஏறக்குறைய அதே கதைதான், எக்சர்சைஸ் பண்ணாதவங்களோட ஒப்பிட்டா கொஞ்சம் முன்னேற்றம், வேற எக்சர்சைஸோட ஒப்பிட்டா பெரிய வித்தியாசம் இல்ல. இதைக் கேட்டு சில பேருக்கு ஏமாத்தமா இருக்கும். எனக்கு நிம்மதியா இருந்துச்சு. சாதாரண முதுகு வலிக்கு எந்தக் கதவு வழியா போனாலும் போகலாம்னா, வீட்டுக்குப் பக்கத்துல எது இருக்கு, யாரு நல்லா கவனிக்கறாங்க, மாசம் எவ்வளவு குடுக்க முடியும், இதை வெச்சே முடிவெடுக்கலாமே. தாம்பரத்துலேருந்து நுங்கம்பாக்கத்துக்கு டிராஃபிக்ல ஒண்ணரை மணி நேரம் கார் ஓட்டிப் போய் முதுகு வலிக்கு கிளாஸ் பண்றதுல என்ன இருக்கு சொல்லுங்க.

பாஸ்ச்சர் விஷயத்துலதான் ஏமாத்து ஜாஸ்தி. சின்ன வயசுல கூன் போடாதே நிமிர்ந்து உக்காருன்னு முதுகுல தட்டு வாங்கி வளர்ந்தவங்க நாம, அதனால யாராவது கட்டம் போட்ட சுவர் முன்னாடி நிக்க வெச்சு போட்டோ எடுத்து உங்க வலது தோள் ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கு, தலை முன்னாடி வந்திருக்குன்னு காட்டினா உடனே பயந்து பேக்கேஜ் வாங்கிடறோம். ரெண்டு தோளும் அச்சா ஒரே மட்டத்துல இருக்கற மனுஷன் அபூர்வம். கொஞ்சம் கூன் இருக்கறவங்களுக்கெல்லாம் வலி வர்றதும் இல்ல, விறைப்பா நிமிர்ந்து உக்கார்றவங்களுக்கெல்லாம் வராம இருக்கறதும் இல்ல. எட்டு மணி நேரம் ஒரே மாதிரி உக்காந்தா, அது நல்ல பாஸ்ச்சரா இருந்தாலும் வலிக்கும். அரை மணி முக்கால் மணிக்கு ஒரு தடவை எந்திரிச்சு தண்ணி குடிச்சுட்டு வர்றதுதான் எந்த ஸ்டூடியோவும் விக்க முடியாத பாஸ்ச்சர் வைத்தியம்.

அதுக்காக இந்த கிளாஸால தோற்றம் மாறாதுன்னு சொல்லல. மேல் முதுகு அசைவும், தோள்பட்டைக்கு நடுவுல வலுவும் வந்தா நிமிர்ந்து நிக்கறது சிரமமில்லாம ஆகும், அது ரெண்டுலயும் வரும், கொஞ்சம் மாசம் ஆகும். இதுல என் ஓட்டு பிலாட்டீஸுக்கு, ஏன்னா சாதாரண யோகா கிளாஸ்ல கையால தள்ளற ஆசனம் நிறைய இருக்கு, இழுக்கற வேலை கிட்டத்தட்ட கிடையாது. ரிஃபார்மர்ல கயித்தைப் பிடிச்சு இழுக்கறது நிறைய. வீட்ல ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்டை ஜன்னல் கம்பில கட்டி இழுத்தாலும் அதே வேலைதான். வளர்ற பசங்களுக்கு முதுகெலும்பு பக்கவாட்டுல வளைஞ்சு குனியும்போது ஒரு பக்கம் மட்டும் புடைச்சுத் தெரிஞ்சா அது ஸ்கோலியோசிஸா இருக்கலாம், அதுக்கு எலும்பு டாக்டர்தான், யோகா கிளாஸ்ல சேத்து ஒரு வருஷம் பாக்கலாம்னு விட்டா வளர்ற வயசு கைவிட்டுப் போயிடும்.

தோள்பட்டை தூக்க முடியாம பிடிச்சுப்போன ஃப்ரோஸன் ஷோல்டர், சுகர் இருக்கறவங்களுக்கு ஜாஸ்தி வரும், அதுக்கு பிசியோ மட்டும், கையையும் காலையும் ஊனி இடுப்பைத் தூக்கற அதோ முக சுவானாசனம் எல்லாம் கை சுதந்திரமா மேல போன பிறகு. முட்டி தேய்மானத்துக்கு தொடை வலு வேணும், எதுல வேணா ஏத்திக்கலாம், சம்மணம் மட்டும் கட்டாயம் இல்ல.

இப்பல்லாம் போர்டுலயே பிசியோ யோகா, கிளினிக்கல் பிலாட்டீஸ், தெரப்யூட்டிக் யோகான்னு எழுதிடறாங்க. ஐடியா நல்லது, ரெண்டு உலகமும் ஒரே கூரைக்கு கீழ கிடைச்சா நான் சொன்ன பிசியோ முதல்ல அப்புறம் கிளாஸ்ங்கற அலைச்சலே மிச்சம். ஆனா போர்டை யாரு வேணா எழுதலாம். பிசியோதெரபி டிகிரியான பிபிடி படிச்சவங்களா, இல்ல அரும்பாக்கம் அரசு கல்லூரி மாதிரி இடத்துல அஞ்சரை வருஷம் பிஎன்ஒய்எஸ் படிச்ச யோகா இயற்கை மருத்துவ டாக்டரா, இல்ல ரெண்டு வீக்கெண்ட்ல சர்ட்டிஃபிகேட் வாங்கினவங்களான்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல. அதைவிட நல்ல கேள்வி, எனக்கு எல்5ல பிரச்சனை, இந்த கிளாஸ்ல நான் எதைப் பண்ணக்கூடாதுன்னு கேளுங்க. எல்லாமே பண்ணலாம் வாங்க மேடம்னு பதில் வந்தா புரிஞ்சுக்குங்க. குனிஞ்சா வலிக்குதா நிமிர்ந்தா வலிக்குதான்னு திருப்பிக் கேட்டாங்கன்னா பாதி கிணறு தாண்டின மாதிரி.

எதுல சேர்ந்தாலும் முதல் மாசம் வலியைப் பாத்து பயப்படறதா வேணாமாங்கற குழப்பம் வரும். பத்துக்கு மூணு நாலு அளவு வலி பண்ணும்போது வந்து மறுநாள் காலைல பழைய நிலைக்கு வந்துட்டா பரவால்ல, தொடரலாம். மறுநாளும் கூடியே இருந்தா அளவைக் குறைக்கணும், நிறுத்தணும்னு இல்ல. கால் வரைக்கும் போற வலி இருக்கறவங்க வலியோட அளவைவிட இடத்தைப் பாருங்க. கெண்டைக்கால்ல இருந்தது தொடைக்கும், தொடைலேருந்து இடுப்புக்கும் ஏறி வந்தா, இடுப்புல கொஞ்சம் கூடின மாதிரி இருந்தாலும் சரியான பாதைதான். இடுப்புல இருந்தது பாதம் வரைக்கும் இறங்கினா, வலி லேசா இருந்தாலும், அந்த எக்சர்சைஸ் உங்களுக்கு இல்ல, அன்னைக்கே நிறுத்திட்டு பிசியோகிட்ட சொல்லுங்க.

பலன் தெரிய எவ்வளவு நாள்னு கேட்டா, ஒரு மாசத்துல எதுவும் மாறலன்னா டீச்சர்கிட்ட பேசுங்க, மூணு மாசம் ஒழுங்கா பண்ணியும் மாறலன்னா ஆளையோ முறையையோ மாத்துங்க. மேல சொன்ன பாஸ்டன் கணக்கும் 12 வாரம்தான்.

அம்மா அப்பாவுக்காக இதைப் படிக்கறவங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்ன அம்மாக்களுக்கு எலும்பு மெலிஞ்சு பலவீனமாகற ஆஸ்டியோபோரோசிஸ் இருக்கான்னு முதல்ல பாத்துடுங்க. அது இருந்தா பஸ்சிமோத்தாசனம், பிலாட்டீஸ்ல ரோல் அப் மாதிரி முதுகை உருட்டி மடக்கற எதுவும் வேணாம், முதுகெலும்பு நசுங்க வாய்ப்பு இருக்கு, இதுல யோகா பிலாட்டீஸ்னு பாகுபாடே இல்ல. நாற்காலியைப் பிடிச்சு நிக்கறது, உக்காந்து எழுந்திரிக்கறது, ஒத்தைக் கால்ல பேலன்ஸ், இது போதும். வெளிய கூட்டிட்டுப் போக முடியாத நிலைல இருக்கறவங்களுக்கு 2021 ஆகஸ்ட்ல தமிழக அரசு ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வந்து பாக்கற வசதி இருக்கு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இல்ல ஏரியா ஹெல்த் நர்ஸ்கிட்ட பேர் குடுத்து வெச்சு, வந்ததும் என்ன எக்சர்சைஸ் சொன்னாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் மேல ஒட்டிடுங்க.